பச்சைப் பட்டினியும் துள்ளுமாவும்

வணக்கம்.
சமயபுரத்தில் பூச்சொரிதல் தொடங்கியதும் வீட்டிலும் அம்மனுக்குத் துள்ளுமாவு வைக்கிறேன். கடை அரிசிமாவை வறுத்து, வெல்லப்பாகு ஊற்றிப் பிசைந்தால் கல்லாக இறுகிவிடுகிறது. எங்கே தப்பு? மூலவருக்கு அபிஷேகம் இல்லாததும் அம்மனின் பச்சைப் பட்டினி விரதத்தால்தானா?
ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

அபிஷேகத்துக்கும் விரதத்துக்கும் தொடர்பில்லை. சமயபுரம் மூலவர் கற்சிலை அல்ல, மூலிகை சேர்த்த சுதைத் திருமேனி. தண்ணீர் பட்டால் கரையும். அதனால் வருடம் முழுக்க அபிஷேகம் உற்சவருக்குத்தான், மூலவருக்குத் தைலக்காப்பு.

விரதம் வேறு. மாசிக் கடைசி ஞாயிறு தொடங்கி 28 நாள், பக்தர்களுக்காக அம்மனே பட்டினி இருக்கிறாள். எனக்கு இதைவிட மனம் நெகிழவைக்கும் வழிபாடு தெரியாது. அந்நாட்களில் தளிகை, அதாவது சமைத்த நைவேத்தியம், கிடையாது. துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர், கரும்பு போன்றவைதான். உங்கள் தப்பு இங்கேதான் இருக்கிறது: வறுத்துப் பாகு காய்ச்சியதும் அது பச்சை மாவாக இல்லாமல் போய்விட்டது. பாகு ஆற ஆற இறுகத்தான் செய்யும். வெல்லமும் காய்ச்சியதுதானே என்பீர்கள். படையலை அடுப்பில் ஏற்றக்கூடாது, அவ்வளவுதான்.

கால் கிலோ பச்சரிசியைக் களைந்து ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். நன்றாக வடித்து, நிழலில் துணிமேல் கால் மணி நேரம் உலர்த்துங்கள். அள்ளிப் பிடித்தால் உள்ளங்கையில் ஒட்டவேண்டும், ஈரம் வழியக்கூடாது. உரலிலோ மிக்சியிலோ விட்டுவிட்டு இடித்துச் சலியுங்கள். நிற்கும் குருணையை மறுபடி இடியுங்கள். சலித்த மாவில் ஒரு பிடியைத் தனியே எடுத்துவையுங்கள்.

150 கிராம் வெல்லம் போதும். கரைத்து வடிகட்ட வழியில்லாததால் மண் இல்லாத வெல்லமாகப் பார்த்து வாங்கி, கத்தியால் சீவிக்கொள்ளுங்கள். ஏலக்காய்ப்பொடி சேர்த்துக் கையாலேயே பிசறுங்கள். சொட்டுத் தண்ணீர் வேண்டாம், மாவின் ஈரத்திலேயே வெல்லம் இளகிப் பிடித்துக்கொள்ளும். வெல்லத்தையும் மிக்சியில் போட்டால் சூட்டில் இளகி மாவு பிசுபிசுக்கும். அப்படி ஆனால் எடுத்துவைத்த ஒரு பிடி மாவைத் தூவுங்கள். கடை மாவில் ஈரமே இல்லாததால் பிடிபடாமல் உதிரும். அதனால்தான் பாகு தேடிப் போயிருப்பீர்கள்.

நீர்மோருக்குத் தாளிப்பு வேண்டாம்; இஞ்சி, கறிவேப்பிலையைத் தட்டிப் போட்டால் போதும். பானகத்துக்கு வெல்லத்தைப் பச்சைத் தண்ணீரில் கரைத்து, துணியில் வடிகட்டிச் சுக்கும் ஏலமும் சேருங்கள்.

துள்ளுமாவு ஈரமாவு என்பதால் மறுநாளைக்குப் புளித்துவிடும். படைத்த அன்றே அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுங்கள்.