ஸ்டாஃப் கிருமி ஏன் மருந்துக்கு மசிய மாட்டேங்குது?
ஸ்டாஃப், அதாவது ஸ்டாஃபிலோகாக்கஸ்னா சீழ்க்கட்டி, புண்ணுலல்லாம் இருக்கிற ஒரு பாக்டீரியா, 1880கள்ல அலெக்சாண்டர் ஆக்ஸ்டன்னு ஒரு ஸ்காட்லாந்து சர்ஜன் சீழை மைக்ரோஸ்கோப்புல பாத்தப்ப திராட்சைக் கொத்து மாதிரி தெரிஞ்சுது, பேரும் அதை வச்சுதான்.

1928ல ஃப்ளெமிங்கிற விஞ்ஞானிக்கு பெனிசிலின்ங்கிற ஆன்டிபயாடிக் (கிருமியைக் கொல்ற மருந்து) சிக்குனதே இந்தக் கிருமி வளத்த தட்டுல பூஞ்சை விழுந்ததாலதான். ஆனா மருந்து புழக்கத்துக்கு வந்த சில வருஷத்துலயே பல்லு போயிருச்சு. ஏன்னா, பெனிசிலினை ஒரு சாவின்னு வச்சுக்கோங்க, கிருமி தன் சுவரைக் கட்டுற இடத்துல போய் மாட்டி அந்த வேலையை நிறுத்திடும், கிருமி என்ன பண்ணுச்சுன்னா அந்தச் சாவியையே உடைக்கிற என்சைமை விட்டுது. சரின்னு 1959ல உடையாத சாவியா மெத்திசிலின் வந்துச்சு, 1961லயே இங்கிலாந்துல பூட்டையே, அதாவது மருந்து போய் மாட்டுற இடத்தையே மாத்துன கிருமி ஆஜர் (அதான் எம்ஆர்எஸ்ஏ, மெத்திசிலினுக்கு மசியாத ஸ்டாஃப்). கில்லாடிதான்!

இந்தக் கிருமி பரவக் கூடாதுன்னுதான் ஆஸ்பத்திரில கை கழுவுறது, தனி ரூம், மூக்குல டெஸ்ட் எல்லாம். ஆரோக்கியமா இருக்கிற பத்துல மூணு பேர் மூக்குலயே ஸ்டாஃப் கிருமி சும்மா குடியிருக்கும்.

"உடம்புக்கு மருந்து பழகிருச்சு"ங்கிறது தப்பு, மாறுறது கிருமி, ஆன்டிபயாடிக்கே தொடாதவருக்கும் எம்ஆர்எஸ்ஏ வரலாம்.