நாற்பதைத் தாண்டி ஆபீஸ் வேலை: வாசகர் கேள்வி-பதில்

ஆர்டர் குறைகிறது, ஆள் குறைக்கிறார்கள், புதிதாக எடுப்பதைத் தள்ளிப்போடுகிறார்கள். இந்த நேரத்தில் நடுவயதில் ஆபீஸ் வேலை தேடுபவர்களிடமிருந்து வந்த கடிதங்களில் ஐந்துக்கு இந்த இதழில் பதில். பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

திருப்பூர் பனியன் ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் 21 வருடம் டாகுமென்டேஷன் பார்த்தேன். வயது 47. அமெரிக்க ஆர்டர் நின்றதும் எங்கள் செக்‌ஷனையே மூடிவிட்டார்கள். நான்கு மாதத்தில் அறுபது இடத்துக்கு பயோடேட்டா அனுப்பினேன். கூப்பிட்டது இரண்டு பேர். வயதுதான் காரணமா? பயோடேட்டா நகலை இணைத்திருக்கிறேன்.
– வாசகர், அவிநாசி

வயதும் ஒரு காரணம்தான். இல்லை என்று சொல்லி உங்களைத் தேற்றப் போவதில்லை. ஆனால் நீங்கள் அனுப்பிய பயோடேட்டாவில் அதைவிடப் பெரிய கோளாறு இருக்கிறது. முதல் பக்கம் முழுக்க அப்பா பெயர், பிறந்த தேதி, மதம், பாஸ்போர்ட் நம்பர், ‘நேர்மையும் கடின உழைப்பும்’. வேலையைப் பற்றிய வரி இரண்டாம் பக்கத்தில் வருகிறது. அதுவும் ‘எக்ஸ்போர்ட் டாகுமென்டேஷன், 21 வருடம்’ என்று ஒரே வரி. படிப்பவர் கண்ணில் 47, 21 என்ற இரண்டு எண்கள்தான் படும். என்ன தெரியும் என்பது தெரியாது.

முதல் பக்கத்தின் மேலேயே இப்படி எழுதுங்கள்: ‘இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் தயாரிப்பு. ஷிப்பிங் பில் செக்லிஸ்ட் சரிபார்ப்பு. பி.எல். டிராஃப்ட் திருத்தம். எல்.சி. ஆவணங்களை பேங்கில் சமர்ப்பித்தல். டிராபேக் ஃபாலோ-அப். மாதம் இத்தனை ஷிப்மென்ட், இன்னின்ன துறைமுகம் வழியாக.’ (பி.எல். என்பது கப்பல் கம்பெனி தரும் சரக்கு ரசீது; டிராபேக் என்பது ஏற்றுமதிக்குத் திரும்பக் கிடைக்கும் வரி.) மாத எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்லாதீர்கள். இன்டர்வியூவில் அடுத்த கேள்வியே அதைப் பற்றித்தான் இருக்கும். பாஸ்போர்ட் நம்பரை இன்றே எடுத்துவிடுங்கள். அறுபது பேர் கையில் அது இருப்பது நல்லதல்ல.

எல்.சி. (வாங்குபவரின் பேங்க் தரும் பண உறுதிக் கடிதம்) தெரியும் என்று சொல்பவர்கள் பலர். தெரியும் என்று காட்ட இரண்டு வரி போதும். எல்.சி.யில் வேறு கெடு சொல்லாவிட்டால் ஷிப்மென்ட் ஆன 21 நாளுக்குள், எல்.சி. காலாவதி ஆவதற்கு முன்பு, ஆவணங்கள் பேங்குக்குப் போய்விட வேண்டும். பெரும்பாலும் டிஸ்கிரிபன்சி (ஆவண முரண்பாடு) விழுவது சரக்கு விவரம் எல்.சி.யில் இருப்பதோடு ஒத்துப்போகாததாலும், ஒரு ஆவணத்தில் இருக்கும் எடையோ பெட்டி எண்ணிக்கையோ இன்னொன்றில் மாறிவிடுவதாலும். இவற்றை நீங்கள் எந்தக் கட்டத்தில் பிடிப்பீர்கள் என்று சொல்லிப் பாருங்கள். டிஸ்கிரிபன்சியால் வரும் செலவின் வலி முதலாளிக்குத் தெரியும்.

அடுத்தது, எங்கே தேடுவது. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டதும் திருப்பூர் கம்பெனிகள் மற்ற நாடுகளின் பக்கம் திரும்பின. அங்கே விலையில் நிற்க வேண்டுமானால் வரிச் சலுகை கிடைக்க வேண்டும். சலுகை கிடைக்க சர்டிபிகேட் ஆஃப் ஆரிஜின் (சரக்கு எந்த நாட்டில் உருவானது என்ற சான்றிதழ்) பிழையில்லாமல் இருக்க வேண்டும். இந்தச் சலுகை தரும் வர்த்தக ஒப்பந்தங்களில் ஐக்கிய அரபு அமீரக ஒப்பந்தம் 2022 மே 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஆஸ்திரேலியா 2022 டிசம்பர் 29 முதல். சுவிட்சர்லாந்து, நார்வே உள்ளிட்ட எஃப்டா நாடுகள் 2025 அக்டோபர் 1 முதல். ஒவ்வொன்றுக்கும் சரக்கு ‘இந்தியாவில் உருவானது’ என்று காட்டும் விதி தனி. டி-ஷர்ட்டுக்கு எச்.எஸ். கோடு (சரக்கு வகை எண்) 6109 என்று சர்டிபிகேட்டில் இருந்து, இன்வாய்ஸில் வேறு கோடு இருந்தால் அந்த ஊர் கஸ்டம்ஸ் சலுகையை மறுத்துவிடலாம். பையர் அந்தப் பணத்தை உங்கள் கம்பெனி கணக்கில் கழிப்பார். ஒரு வாரம் உட்கார்ந்து இந்த மூன்று ஒப்பந்தங்களின் விதிகளைப் படித்து, டி.ஜி.எஃப்.டி. (மத்திய அரசின் வெளிநாட்டு வர்த்தக இயக்ககம்) தளத்தில் விண்ணப்பிக்கும் முறையைப் பழகிக்கொள்ளுங்கள். பயோடேட்டாவில் இந்த ஒரு வரி உங்களுடைய 21 வருடத்தைவிட அதிகம் பேசும்.

பனியனோடு நிற்க வேண்டாம். கரூர் வீட்டுத் துணி, கோவை பம்ப், நாமக்கல் முட்டை, ஈரோடு மஞ்சள் எல்லாவற்றுக்கும் இதே ஆவணங்கள்தான். எந்தக் கம்பெனியில் ஆள் போய்விட்டார், எங்கே ஆவணம் தேங்குகிறது என்பது முதலில் தெரிவது கஸ்டம்ஸ் புரோக்கருக்கும் ஃபார்வர்டருக்கும் (சரக்கை அனுப்பித் தரும் ஏஜென்ட்) தான். 21 வருடத்தில் அவர்களில் இருபது பேர் நம்பராவது உங்கள் போனில் இருக்கும். ‘வேலை இருந்தா சொல்லுங்க’ என்று பொதுவாக அனுப்பினால் பதில் வராது. ‘சார், எல்.சி., சர்டிபிகேட் ஆஃப் ஆரிஜின் ரெண்டும் நேரடியாப் பார்ப்பேன். கோவை, திருப்பூர், ஈரோடு எங்கேன்னாலும் சரி. பேப்பர் லேட்டாகிற பார்ட்டி யாராவது இருந்தா என் நம்பர் கொடுங்க’ என்று அனுப்புங்கள். ஒரு நாளைக்கு ஐந்து பேருக்கு மேல் வேண்டாம், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக.

பி.காம். வயது 44. குழந்தைகளுக்காக வேலையை விட்டு 12 வருடம் ஆகிறது. அப்போது டாலி ஈ.ஆர்.பி. 9 பார்த்தேன். இப்போது மறுபடி அக்கவுன்ட்ஸ் வேலைக்குப் போக என்ன படிக்க வேண்டும்? ஒரு சென்டரில் 35,000 ரூபாய் கோர்ஸ் சொல்கிறார்கள்.
– வாசகி, மதுரை

அந்த 35,000 வேண்டாம். நீங்கள் வெளியேறும்போது வாட் (பழைய விற்பனை வரி) இருந்தது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்துவிட்டது. 2020 நவம்பரில் டாலி கணக்கு மென்பொருளின் புதிய பதிப்பான டாலி பிரைம் வந்தது. மாறியது இவ்வளவுதான். டெபிட், கிரெடிட் மாறவில்லை.

டாலி பிரைமை அதன் இணையதளத்திலிருந்து இறக்கி எஜுகேஷனல் மோடில் இலவசமாகப் பழகலாம். மாதத்தில் 1, 2, 31 ஆகிய தேதிகளில் மட்டும்தான் என்ட்ரி போட விடும். பழகுவதற்கு அது போதும். எஃப்4 முதல் எஃப்9 வரை பழைய கீகள்தான். கிரெடிட் நோட்டுக்கு ஆல்ட்+எஃப்6, டெபிட் நோட்டுக்கு ஆல்ட்+எஃப்5. எந்த ரிப்போர்ட் எங்கே என்று மறந்தால் ஆல்ட்+ஜி அழுத்திப் பெயரைத் தட்டினால் போதும். கற்பனையாக ஒரு ஹார்டுவேர் கடை வைத்து நூறு கொள்முதல், நூறு விற்பனை பில் போடுங்கள். சிலவற்றை பெங்களூரு பார்ட்டிக்கு விற்றதாகப் போடுங்கள். தமிழ்நாட்டுக்குள் 18 சதவீதம் என்றால் சி.ஜி.எஸ்.டி. 9, எஸ்.ஜி.எஸ்.டி. 9. வெளி மாநிலத்துக்கு ஐ.ஜி.எஸ்.டி. 18. கை தானாக இதைச் செய்ய வேண்டும்.

இன்டர்வியூவில் ஒரு பில்லை நீட்டி, ‘வரி சேர்த்து 11,800 ரூபாய், 18 சதவீதம், பிரித்துச் சொல்லுங்கள்’ என்பார்கள். 11,800-க்கு 18 சதவீதம் போட்டு 2,124 என்று சொல்பவர்கள் அங்கேயே வெளியே. 118-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்க வேண்டும்: சரக்கு 10,000, வரி 1,800. அடுத்தது பேங்க் ரீகன்சிலியேஷன் (நம் கணக்கை பேங்க் ஸ்டேட்மென்ட்டோடு ஒத்துப் பார்ப்பது). மூன்றாவது எக்ஸெலில் இரண்டு பட்டியலை ஒப்பிடுவது. வி-லுக்கப், பிவட் டேபிள் இரண்டும் கட்டாயம்.

அந்த ஒப்பீடுதான் இன்றைய அக்கவுன்ட்ஸ் வேலையின் உயிர். சப்ளையர் தன் ஜி.எஸ்.டி.ஆர்-1-இல் (விற்பனை விவரம்) பில்லைக் காட்டினால்தான் அது நம் 2-பி-யில் (நம் கொள்முதல் பில்களின் பட்டியல்) வரும். வந்தால்தான் உள்ளீட்டு வரி (கொள்முதலில் கட்டிய வரியின் கழிவு) கிடைக்கும். கடையின் கொள்முதல் லிஸ்ட்டையும் 2-பி-யையும் எக்ஸெலில் போட்டால் பொருந்தாமல் நிற்பவை பெரும்பாலும் இரண்டு வகை: பில் நம்பரில் ஒரு சாய்கோடோ சுழியோ மாறியது, சப்ளையர் இன்னும் ஃபைல் செய்யாதது. முதலாவதைத் தனியாகப் பிரித்துவிட்டு இரண்டாவதுக்கு மட்டும் போன் போடத் தெரிந்தவரைத்தான் கடைக்காரர்கள் தேடுகிறார்கள்.

மாதத்தின் தேதிகளை மனப்பாடம் செய்யுங்கள். 7-ஆம் தேதி டி.டி.எஸ். (பிடித்தம் செய்த வருமான வரி) கட்டுவது. 11 ஜி.எஸ்.டி.ஆர்-1. 14 அன்று 2-பி வரும். 15 பி.எஃப்., இ.எஸ்.ஐ. 20 ஜி.எஸ்.டி.ஆர்-3பி (வரி கட்டும் ரிட்டர்ன்). ஆண்டு விற்பனை 5 கோடிக்குள் இருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஃபைல் செய்பவர்களுக்கு 3பி தமிழ்நாட்டில் 22-ஆம் தேதி. ‘இந்தத் தேதிகள் உங்களுக்குத் தவறாது’ என்று ஒரு கடைக்காரரிடம் சொல்ல முடிந்தால் 12 வருட இடைவெளியை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

தினம் மூன்று மணி நேரம், பத்து வாரம். பிறகு ஆடிட்டர் ஆபீஸ்களை நேரில் பாருங்கள். 10 முதல் 20-ஆம் தேதி வரை போகாதீர்கள், யாருக்கும் தலை நிமிர நேரமிருக்காது. 23-க்கு மேல் போங்கள். ஜூலை, செப்டம்பர் கெடுக்களுக்கு ஆள் தேவைப்படும் என்பதால் மே, ஜூனில் கேட்பது நல்லது. அங்கே சம்பளம் குறைவாகத்தான் இருக்கும். ஆனால் ஆடிட்டரின் கிளையன்ட் யாராவது ‘நம்பிக்கையான ஆள் வேணும்’ என்று கேட்கும்போது அந்த அறையில் நீங்கள் இருப்பீர்கள்.

வயது 51. ஒரே கம்பெனியில் 19 வருடம் 7 மாதம். ராஜினாமா எழுதிக் கொடுக்கச் சொல்லி வாங்கிவிட்டார்கள். கிராஜுவிட்டி கிடைக்குமா? அடுத்த வேலை கிடைக்கும் வரை பி.எஃப்.பை எடுத்துச் செலவு செய்யலாமா?
– வாசகர், கோவை

ஐந்து வருடம் முடித்தவர் ராஜினாமா செய்தாலும் கிராஜுவிட்டி உண்டு. கடைசி அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வருடத்தால் பெருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேற்பட்டது முழு வருடம். எனவே உங்களுக்கு 20. அடிப்படை 26,000 என்றால் 3,00,000 ரூபாய். அடிப்படையை வேண்டுமென்றே குறைத்து அலவன்ஸை ஏற்றியிருந்தால், 2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பில் அதற்கு வழி இருக்கிறது: அலவன்ஸ் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகை சம்பளத்தோடு சேர்த்துக் கணக்கிடப்படும். எழுத்தில் கேளுங்கள், நகலில் முத்திரை வாங்குங்கள். 30 நாளுக்குள் தர வேண்டும்; தாமதத்துக்கு வட்டி உண்டு.

பி.எஃப்.பில் கை வைப்பதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். 2024-25-க்கு அதற்கு 8.25 சதவீத வட்டி. அதைவிட முக்கியம் அதற்குள் இருக்கும் பென்ஷன். பத்து வருடம் தாண்டியதால் 58 வயதில் மாதப் பென்ஷன் உங்களுக்கு உறுதி. 50-க்கு மேல் முன்கூட்டியும் வாங்கலாம், ஆனால் 58-க்குக் குறையும் ஒவ்வொரு வருடத்துக்கும் 4 சதவீதம் வெட்டு, அது ஆயுளுக்கும் தொடரும். 20 வருடச் சேவையோடு 58-ஐத் தொட்டால் 2 வருடம் கூடுதலாகச் சேர்த்துக் கணக்கிடுவார்கள். நீங்கள் அந்த எல்லையை ஒட்டி நிற்கிறீர்கள். ஆகவே அடுத்த வேலை சம்பளம் சற்றுக் குறைவாக இருந்தாலும் பி.எஃப். பிடிக்கிற இடமாகப் பாருங்கள். ‘பி.எஃப். வேண்டாம், கையிலேயே கொடுத்துடறோம்’ என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஏற்கெனவே உறுப்பினராக இருப்பவர், பி.எஃப். பொருந்தும் நிறுவனத்தில் சேர்ந்தால் விலக முடியாது.

இப்போதே செய்ய வேண்டியது ஒன்று: யு.ஏ.என். (உங்கள் பி.எஃப். உறுப்பினர் எண்) தளத்தில் உங்கள் வெளியேறிய தேதி பதிவாகியிருக்கிறதா பாருங்கள். அது இல்லாவிட்டால் பின்னால் கணக்கை மாற்றுவதும் பணம் எடுப்பதும் சிக்கும். கம்பெனி போடவில்லையென்றால் கடைசிச் சந்தா கட்டி இரண்டு மாதம் கழித்து ஆதார் ஓ.டி.பி. மூலம் நீங்களே ‘மார்க் எக்ஸிட்’ போடலாம். ஆதாரில் இனிஷியல் முன்னால், யு.ஏ.என்.னில் பின்னால் என்று இருந்தால் அதையும் இப்போதே திருத்துங்கள்.

வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி, மாதம் 28,000, லேப்டாப் டெபாசிட்டாக 3,500 மட்டும் கட்டச் சொல்கிறார்கள். ஆஃபர் லெட்டர் வந்துவிட்டது.
– வாசகி, திருச்சி

கட்டாதீர்கள். சம்பளம் தருபவர் உங்களிடம் பணம் வாங்க மாட்டார். டெபாசிட், ரெஜிஸ்ட்ரேஷன், டிரெயினிங் கட்டணம், எந்தப் பெயரானாலும் இதே பதில்தான். கட்டிவிட்டிருந்தால் உடனே 1930-க்கு (சைபர் மோசடி உதவி எண்) போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு பணத்தை வழியில் நிறுத்தி வைக்க வாய்ப்பு. இலவசமாகத் தேட மத்திய அரசின் நேஷனல் கேரியர் சர்வீஸ் தளமும், தமிழ்நாடு அரசின் தனியார் துறை வேலை இணையமும் இருக்கின்றன.

நான் போகிற இன்டர்வியூவில் எல்லாம் மேனேஜருக்கு என் பையன் வயது. ‘உங்களுக்கு இந்தச் சம்பளம் கம்மியாச்சே சார்’ என்று சொல்லியே அனுப்பிவிடுகிறார்கள்.
– வாசகர், சேலம்

அவர் உண்மையில் கேட்பது இரண்டு: நல்லது கிடைத்ததும் ஓடிவிடுவீர்களா, நான் சொன்னால் கேட்பீர்களா. இரண்டுக்கும் நீங்களே முந்திக்கொண்டு பதில் சொல்லுங்கள். ‘வீட்டுக் கடன் முடிஞ்சாச்சு, இந்தத் தொகையில குடும்பம் நடக்கும், சேலத்தை விட்டுப் போகிற எண்ணம் இல்லை’ என்பது (உண்மையாக இருந்தால்) முதலாவதுக்குப் போதும். இரண்டாவதுக்கு அவரைத் தயங்காமல் ‘சார்’ என்று கூப்பிடுங்கள், ‘தம்பி’ வேண்டாம். ‘எங்க பழைய கம்பெனியில இப்படித்தான்’ என்ற வாக்கியத்தை அந்த அரை மணி நேரத்துக்கு மறந்துவிடுங்கள். பழைய சம்பளத்தை அவர் கேட்காமல் சொல்லாதீர்கள். கேட்டால் மறைக்காமல் சொல்லி, உடனே ‘இங்கே கைக்கு இவ்வளவு வந்தால் சரி’ என்று ஒரே தொகையாகச் சொல்லுங்கள். அந்தத் தொகையை முந்தைய நாளே வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்துகொண்டு போங்கள்.