மூளை நாளங்களில் ரத்தம் எப்படி ஓடுகிறது? வாசகர் கேள்விகள்

கேள்வி: மகனுக்கு மூளையில் ஏ.வி.எம். (தமனியும் சிரையும் முறை தவறிப் பின்னிக்கொண்ட நாளக் கோளாறு). எம்.ஆர்.ஐ.யிலேயே தெரிகிறதே, ஆஞ்சியோ எதற்கு?

பதில்: எம்.ஆர்.ஐ. இடத்தையும் அளவையும் காட்டும். ஆனால் ஏ.வி.எம்.மில் தமனி, நுண்குழாய்களுக்குள் போகாமல் நேராகச் சிரையில் கலக்கிறது. எந்தத் தமனி ஊட்டுகிறது, எந்தச் சிரை வழியே வடிகிறது என்பதை வைத்தே சிகிச்சையை முடிவு செய்வோம். தொடையிலோ மணிக்கட்டிலோ குழாய் நுழைத்து, அயோடின் மருந்து செலுத்தி, நொடிக்குப் பல எக்ஸ்ரே படங்கள் எடுக்கும் டி.எஸ்.ஏ. என்ற ஆஞ்சியோவில்தான் அந்த வரிசை தெளிவாகத் தெரியும். 1927இல் லிஸ்பனில் நரம்பியல் மருத்துவர் ஏகாஸ் மோனிஸ் தொடங்கிவைத்த வழி இது. அரிதாகப் பக்கவாத ஆபத்து உண்டு என்பதால், வெறுமனே 'பார்த்துவைப்போம்' என்று செய்வதில்லை.

கேள்வி: டாப்ளரில் (ஒலியலையால் ரத்த வேகத்தை அளக்கும் சோதனை) 'வேகம் அதிகம்' என்று ரிப்போர்ட். ரத்தம் கூடுதலாகப் பாய்கிறதா?

பதில்: வேகம் வேறு, அளவு வேறு. குழாயின் வாயை விரலால் பாதி அடைத்தால் தண்ணீர் பீய்ச்சியடிக்கும். வாளி சீக்கிரம் நிறையாது. சுருங்கிய நாளத்திலும் வேகம் ஏறும், ஏ.வி.எம்.முக்கு ஊட்டும் தமனியிலும் ஏறும். ரிப்போர்ட்டில் 'பல்சடிலிட்டி' எண்ணையும் (ஒவ்வொரு துடிப்பிலும் வேகம் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதன் அளவு) பாருங்கள். ஏ.வி.எம். தமனியில் எதிர்ப்பு குறைவு, அதனால் அந்த எண்ணும் குறையும். நெற்றிப்பொட்டு எலும்பு தடித்தவர்களுக்கு அலை உள்ளேயே போகாது. அப்போது இந்தச் சோதனையால் பயனில்லை.

கேள்வி: '4டி ஃப்ளோ' எம்.ஆர்.ஐ. செய்யச் சொல்கிறார்கள். அவசியமா?

பதில்: நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் என்று சொல்லக்கூடிய சோதனை. காந்தப்புலத்தில் நகரும் ரத்தத்தின் சமிக்ஞையில் வேகத்துக்கேற்பக் கட்டம் ('ஃபேஸ்', அதாவது அலைச் சுழற்சியில் அது நிற்கும் நிலை) மாறும்; அந்த வேகத்தை நாளத்தின் குறுக்குப் பரப்பால் பெருக்கினால் அளவு கிடைக்கும். வேக உச்சவரம்பை முன்கூட்டியே குறிக்க வேண்டும். குறைத்து வைத்தால் வேகமான ரத்தம் பின்னோக்கி ஓடுவதுபோல் படத்தில் வரும்! மெல்லிய நாளங்களில் கணக்கு பிசகும். என் பார்வையில், எம்போலைசேஷனுக்கு (குழாய் வழியே நாளத்தை அடைக்கும் சிகிச்சை) முன்னும் பின்னும் அதே நோயாளியை ஒப்பிட இது அருமையான கருவி. ரத்தக்கசிவு வருமா என்று இதை வைத்து ஜோசியம் சொல்லக் கூடாது.

கேள்வி: அம்மாவுக்குச் சிறுநீரகக் கோளாறு. கான்ட்ராஸ்ட் ஊசி (நாளங்கள் படத்தில் தெளிவாகத் தெரியப் போடும் மருந்து) இல்லாமல் ஸ்கேன் எடுக்க முடியுமா?

பதில்: முடியும். ஏ.எஸ்.எல். என்ற எம்.ஆர்.ஐ. முறையில் ரத்தத்திலுள்ள நீரையே காந்தத்தால் அடையாளமிடுகிறோம். படத்தில் சிரை பளிச்சிட்டால், ரத்தம் நுண்குழாய்களைத் தாண்டிக் குறுக்குவழியில் வந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

கேள்வி: காவர்னோமா (மெல்லிய சுவருள்ள நுண்நாளங்களின் கொத்து) என்றார்கள், ஆஞ்சியோவில் ஒன்றுமே தெரியவில்லையே?

பதில்: பெரும்பாலும் தெரியாது, அதில் ஓட்டம் அவ்வளவு மெதுவு. அதற்கு எம்.ஆர்.ஐ.தான் சரி.