கதான்ஸ்க்: எரிந்த ஊரும் எழுப்பிய ஊரும் (கடிதமும் பதிலும்)

வணக்கம்.

வேலை விஷயமாகப் போலந்து போனபோது கதான்ஸ்க்கில் இரண்டு நாள் தங்கினேன். டுவூகி தார்க் சதுக்கத்தையும் ஆற்றங்கரை வீடுகளையும் பார்த்துவிட்டு, நானூறு வருடப் பழமை என்று வியந்து நின்றேன். பெரும்பாலானவை 1945க்குப் பிறகு கட்டியவை என்று கூட வந்தவர் சொன்னதும் ஏமாந்ததுபோல் ஆகிவிட்டது. இன்னொரு சந்தேகமும் உண்டு. இது உண்மையில் ஜெர்மன் ஊரா, போலந்து ஊரா?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் ஏமாறவில்லை. எனக்கு அந்த ஊர்மேல் மதிப்பு கூடியதே அது திரும்பக் கட்டியது என்று தெரிந்த பிறகுதான்.

1945 மார்ச்சில் சோவியத் படை நுழைந்தபோது நகரத்தின் மையப்பகுதி பெரும்பாலும் எரிந்து இடிந்துபோனது. அங்கே தலைமுறைகளாக வாழ்ந்த ஜெர்மானியர்கள் தப்பி ஓடினார்கள், மிஞ்சியவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். புதிதாகக் குடியேறியவர்களில் பலர், சோவியத் யூனியனோடு சேர்ந்துவிட்ட வில்னியூஸ் போன்ற ஊர்களை விட்டு வந்தவர்கள். சொந்த ஊர் போய்விட்டது, கைக்குக் கிடைத்ததோ வேறு யாரோ இழந்த ஊர். அந்த இடிபாட்டை வாரிக் கொட்டிவிட்டுப் புதுசாகக் கட்டியிருக்கலாம். அவர்கள் அப்படிச் செய்யவில்லை.

சரி, பழையபடி கட்டுவதென்றால் எந்தக் காலத்துப் பழையபடி? 1793இல் இந்த ஊரை ஜெர்மானிய அரசான பிரஷ்யா எடுத்துக்கொண்டது. அந்தக் காலத்துச் சாயலைக் கூடியவரை தவிர்த்துவிட்டு, அதற்கு முந்தைய முகப்புகளையே எழுப்பினார்கள். நீங்கள் வியந்த டச்சு, பிளெமிஷ் சாயல் அதுதான். இதில் அரசியல் இருக்கிறது, மறுக்க மாட்டேன். ஆனால் அந்த முகப்புகளுக்குப் பின்னால் கட்டியவை உழைக்கும் குடும்பங்களுக்கான சாதாரண ஃபிளாட்டுகள். முன்பு பெருவணிகர்கள் வாழ்ந்த தெரு அது!

உங்கள் இரண்டாவது கேள்விக்கு 1454இல் பதில் இருக்கிறது. ஊரை ஆண்ட ஜெர்மன் டியூட்டானிக் வீரத்துறவிகளை எதிர்த்து, ஜெர்மன் பேசிய வணிகர்களே எழுந்தார்கள். போலந்து மன்னர் நான்காம் கசிமிரைத் தேடிப் போய், அவருக்குக் கீழ் வந்தார்கள். விஸ்துலா ஆற்றில் போலந்தின் தானியம் மிதந்து வரும், இங்கிருந்து மேற்கே கப்பலேறும். அந்த வியாபாரமும் நகரசபையின் உரிமைகளும்தான் அவர்களுக்கு முக்கியம். ஜெர்மன் பேசிக்கொண்டே போலந்து மன்னருக்கு விசுவாசமாக முன்னூறு வருடத்துக்கு மேல் இருந்த ஊரை எந்தப் பக்கம் சேர்ப்பது? மொழிக்கு ஒரு நாடு என்ற கணக்கே பின்னால் வந்தது. அந்தக் கணக்கு முற்றி, 1939 செப்டம்பர் 1 அதிகாலை, துறைமுக வாயிலில் இருக்கும் வெஸ்டர்பிளாட்டேயில் ஜெர்மன் போர்க்கப்பலின் குண்டாக வெடித்தது. இருநூறு பேர் அளவிலான போலந்துக் காவற்படை அங்கே ஏழு நாள் தாக்குப்பிடித்தது.

ஆற்றங்கரையில் கறுத்த மரத்தாலான பெரிய பாரந்தூக்கியைப் பார்த்திருப்பீர்கள். 1440களில் எழுந்தது. ராட்சதச் சக்கரங்களுக்குள் ஆட்கள் நடந்துகொண்டே இருக்க, டன் கணக்கில் சரக்கு மேலே ஏறும். அதுவும் 1945இல் எரிந்து, மீண்டும் கட்டப்பட்டதுதான்.

அங்கிருந்து வடக்கே நடக்கும் தூரத்தில் கப்பல் கட்டும் தளம். அங்கேயும் பாரந்தூக்கி ஓட்டிய ஒருவரைச் சொல்லியாக வேண்டும். அன்னா வாலெந்தினோவிச். ஓய்வுபெற ஐந்து மாதம் இருக்கும்போது, 1980 ஆகஸ்டில் அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். அவரைத் திரும்பச் சேர்க்கச் சொல்லித்தான் ஆகஸ்ட் 14 அன்று வேலைநிறுத்தம் தொடங்கியது. எலக்ட்ரீஷியன் லேக் வாவென்சா அதற்குத் தலைமை ஏற்றார். பலகைகளில் 21 கோரிக்கைகளைக் கையால் எழுதி வாசலில் தொங்கவிட்டார்கள். முதல் கோரிக்கை, சுதந்திரமான தொழிற்சங்கம். ஆகஸ்ட் 31 அன்று அரசு கையெழுத்திட்டது. ‘சாலிடாரிட்டி’ என்ற சுதந்திரமான தொழிற்சங்கம் பிறந்தது அப்படித்தான்.

1970 டிசம்பரில் விலையேற்றத்தை எதிர்த்துப் போராடி, சுடப்பட்டு இறந்த தொழிலாளர்களுக்கு நினைவுச்சின்னம் வேண்டும் என்றும் அவர்கள் கேட்டிருந்தார்கள். அதை நாலே மாதத்தில் தளத்தின் வாசலிலேயே எழுப்பிவிட்டார்கள். 42 மீட்டர் உயரத்தில் மூன்று எஃகுச் சிலுவைகள், ஒவ்வொன்றிலும் ஒரு நங்கூரம். அடுத்த முறை போனால், டுவூகி தார்க்குக்கு முன்னால் அங்கே போய் நில்லுங்கள்.

அன்புடன்