வீசிங் உள்ள குழந்தையோடு பிரான்சுக்கு வரும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் நான்கு வயது மகனுக்குப் பனிக்காலம் தொடங்கினாலே வீசிங் வருகிறது என்றும், அடுத்த மாதம் முத்தியால்பேட்டையிலிருந்து கணவரிடம் சார்செல் நகருக்கு வரவிருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். நடு இரவில் மூச்சு இளைத்தால் குழந்தையை எங்கே தூக்கிக்கொண்டு ஓடுவது என்பது உங்கள் கேள்வி. எங்கும் ஓட வேண்டாம். முதலில் தொலைபேசியை எடுங்கள் என்பதே என் பதில்.

புதுச்சேரியில் நமக்கு இந்தப் பழக்கம் இல்லை. பக்கத்துத் தெருக் குழந்தை மருத்துவரிடம் டோக்கன் வாங்கிக் காத்திருப்போம். இரவானால் ஆட்டோ பிடித்து எல்லைப்பிள்ளைச்சாவடியில் உள்ள அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனைக்கோ ஜிப்மருக்கோ போய் நிற்போம். பிரான்சில் அவசர மருத்துவ உதவிக்கு உரிய எண் 15. கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். முதலில் பேசுபவர் உங்கள் எண்ணையும் முகவரியையும் வாங்கிக்கொண்டு மருத்துவரிடம் இணைப்பைத் தருவார். அந்த மருத்துவர்தான் நீங்கள் சொல்வதைக் கேட்டு, வீட்டிலேயே மருந்து கொடுத்துப் பார்க்கலாமா, மருத்துவரை அனுப்புவதா, ஆம்புலன்சை அனுப்புவதா என்று முடிவு செய்வார். கைபேசியில் 112 என்று அழைத்தாலும் அவசர உதவி கிடைக்கும். அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் மாடி எண்ணோடு வாசல் கதவின் ரகசிய எண்ணையும் சொல்ல வேண்டும்; அது தெரியாமல் ஆம்புலன்ஸ்காரர்கள் தெருவிலேயே நிற்க நேரிடும். இந்த விவரங்களையும் குழந்தையின் எடையையும் ஒரு தாளில் எழுதி, சமையலறைச் சுவரில் ஒட்டிவிடுங்கள். பிரெஞ்சு வராது என்று தயங்க வேண்டாம். "மோன் ஆன்ஃபான் ரெஸ்பீர் மால்", அதாவது "என் குழந்தைக்கு மூச்சு சரியாக வரவில்லை" என்ற ஒரு வரியை மனப்பாடம் செய்துகொண்டால் உரையாடல் தொடங்கிவிடும்.

குழந்தையை நேரில் பார்க்காத ஒருவர் முடிவெடுப்பதால், என்ன பார்த்துச் சொல்ல வேண்டும் என்பதை இப்போதே பழகிக்கொள்ளுங்கள். சட்டையைக் கழற்றி நெஞ்சைப் பாருங்கள்: மூச்சை இழுக்கும்போது விலா எலும்புகளுக்கு இடையிலும் தொண்டைக் குழியிலும் தோல் உள்ளே போகிறதா, மூக்குத் துவாரங்கள் விரிகின்றனவா? அழாமல் இருக்கும் நேரத்தில் ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். ஒன்று முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைக்கு 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது வேகமான மூச்சு என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுத்திருக்கிறது. ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் நடுவில் மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பூத்தாலோ, குழந்தை துவண்டு தூங்கி வழிந்தாலோ, மருந்து கொடுத்தும் பலன் தெரியாவிட்டாலோ உடனே 15. இன்னொன்றையும் பலர் அறிவதில்லை: விசில் சத்தம் நின்றுவிட்ட பிறகும் குழந்தை திணறினால், அது தேறியதன் அடையாளம் அல்ல, உள்ளே காற்றே சரியாகப் போகவில்லை என்று பொருள்.

மருத்துவமனைக்குப் போனால் தொற்று ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து விடியும்வரை காத்திருப்பது, என் பார்வையில், பெரிய ஆபத்து. 2020 கொரோனா ஊரடங்கின்போதுகூட, வெளியே போக வைத்திருக்க வேண்டியிருந்த படிவத்தில் மருத்துவத் தேவை ஏற்கப்பட்ட காரணமாக இருந்தது. குழந்தையோடு பெற்றோரில் ஒருவரை மட்டும் உள்ளே விடவும் கூடும் என்பதால், யார் போவது என்பதை முன்பே பேசி வையுங்கள். பிரெஞ்சு தெரிந்தவர் என்பதற்காகக் கணவர் போனால், குழந்தைக்குக் கடைசியாக எத்தனை முறை இன்ஹேலர் மருந்து அடித்தீர்கள் என்பதை நேரத்தோடு எழுதி அவர் கையில் கொடுங்கள்.

உங்களுக்கு வியப்பாக இருக்கப்போவது நெபுலைசர் விஷயம். நம் ஊரில் வீசிங் என்றால் நெபுலைசர் வைத்தால்தான் மருத்துவம் பார்த்ததாக நமக்கு நிறைவு. பிரான்சில் வீட்டில் அதை வைத்திருப்பவர்கள் குறைவு. முகமூடி பொருத்திய ஸ்பேசர், அதாவது மருந்தைத் தேக்கித் தரும் குழல் வழியாக இன்ஹேலரை அடிப்பதே வழக்கம். கொரோனா காலத்தில் நெபுலைசரின் புகை கிருமியைக் காற்றில் பரப்பக்கூடும் என்பதால், கூடியவரை அதைத் தவிர்க்குமாறு ஆஸ்துமா மருத்துவ வழிகாட்டிகளும் சொல்லின. ஆகவே புறப்படுவதற்கு முன் உங்கள் குழந்தை மருத்துவரிடமே ஸ்பேசர் எழுதி வாங்கி, மகனுக்கு விளையாட்டுப்போலப் பழக்கிவிடுங்கள்: ஒரு முறை அடித்து, முகமூடியை எடுக்காமல் ஐந்தாறு மூச்சு, பிறகுதான் அடுத்தது. இளைப்பு வந்தால் எத்தனை முறை அடிப்பது, எவ்வளவு இடைவெளி விடுவது என்பதையும் அவரிடமே எழுதி வாங்குங்கள்.

அதே சீட்டில் மருந்தின் வணிகப் பெயரோடு மூலப் பெயரும் இருக்கட்டும். அங்கே அஸ்தலின் என்று நம் ஊர் இன்ஹேலரின் பெயரைச் சொன்னால் மருந்துக் கடைக்காரருக்குத் தெரியாது. சால்புட்டமால் 100 மைக்ரோகிராம் என்றால் அதே மருந்தான வெந்தொலினை எடுத்துத் தருவார், அதுவும் மருத்துவர் சீட்டு இருந்தால்தான். தினமும் எடுக்கும் புடெசொனைடு போன்ற தடுப்பு மருந்து இருந்தால், ஸ்டீராய்டு என்று பயந்து நீங்களாக நிறுத்தக் கூடாது. முதல் சில வாரங்களுக்கான மருந்தைக் கைப்பையில் கொண்டுவாருங்கள். காய்ச்சலுக்கு அங்கே கொடுக்கும் தொலிப்ரான் நம் பாராசிட்டமால்தான். அதன் பிள்ளைகளுக்கான பீச்சானில் மில்லிலிட்டர் கோடுகளுக்குப் பதில் எடைக்கான கிலோ கோடுகள் இருக்கும்.

அவசரம் இல்லாத இருமலுக்கும் சளிக்கும் வட்டார மருத்துவரிடம் நேரம் வாங்க வேண்டும். வீடியோ ஆலோசனையும் உண்டு; கொரோனா காலத்தில் அதற்குக் காப்பீடு முழுத் தொகையையும் தந்தது. ஆனால் வீடியோவில் ஸ்டெதஸ்கோப் வைக்க முடியாது என்பதால் இளைப்பு இருக்கும்போது அதை நம்பியிருக்க வேண்டாம். மகனைத் தந்தையின் கார்த் வித்தால் என்னும் மருத்துவக் காப்பீட்டு அட்டையில் சேர்க்கும்படி கணவரிடம் இன்றே சொல்லுங்கள். அதற்குப் பிறப்புச் சான்றிதழும் பிரெஞ்சு மொழிபெயர்ப்பும் தேவைப்படும். அட்டை வருவதற்குள் மருத்துவரிடம் போக நேர்ந்தால், பணம் கட்டிவிட்டு அவர் தரும் தாளைப் பத்திரமாக வைத்திருந்து பிறகு திரும்பப் பெறலாம். ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு பே.எம்.இ. என்னும் தாய்சேய் நல நிலையம் இலவசமாகப் பரிசோதனையும் தடுப்பூசியும் தருகிறது. அது அவசர சிகிச்சைக்கான இடம் அல்ல.

கடலூரிலிருக்கும் உங்கள் அம்மா கொடுத்தனுப்பும் சாம்பிராணியைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. முத்தியால்பேட்டை வீட்டில் முற்றமும் கடல்காற்றும் அந்தப் புகையை வெளியே கொண்டுபோய்விடும். குளிருக்கு ஜன்னலை மூடிய சார்செல் இரண்டறை வீட்டில் அது குழந்தையின் நெஞ்சில்தான் போய்த் தங்கும். வெள்ளிக்கிழமை விளக்கேற்றினால் போதும், ஊதுவத்தியும் வேண்டாம். நெஞ்சில் கற்பூரத் தைலம் தேய்ப்பதும் சில பிள்ளைகளுக்கு மூச்சுக் குழாயை எரிச்சல்படுத்தும். கொத்தமல்லி ரசம் கொடுக்க யாரும் தடை சொல்லப் போவதில்லை.

கடைசியாக, பள்ளி. பிரான்சில் மூன்று வயதிலிருந்தே கல்வி கட்டாயம் என்பதால், வந்தவுடன் மகனைச் சேர்க்க வேண்டியிருக்கும். பள்ளியில் ஆசிரியர் தாமாக மருந்து கொடுக்க மாட்டார், பே.ஆ.இ. என்று சொல்லப்படும் உடன்படிக்கையை மருத்துவரும் பள்ளியும் நீங்களும் சேர்ந்து கையெழுத்திட்ட பிறகே இன்ஹேலரும் ஸ்பேசரும் அவன் பெயரெழுதிய பையில் அங்கே இருக்கும். சேர்க்கை நாளன்றே அந்தப் படிவத்தைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் புதுச்சேரி மருத்துவரின் சீட்டு அங்கும் உதவும்.