ஞாயிறு 20 நொடி, வேலை நாளில் 35 நொடி

அன்புள்ள ஐயா,

வியாசர்பாடியில் மாமாவின் லேத் பட்டறைக்கு ஷிஃப்ட் மணிக் கடிகாரம் ஒன்று செய்து மாட்டியிருக்கிறேன். ஏடி89எஸ்52 மைக்ரோகன்ட்ரோலர் சிப், 11.0592 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல், நாலு செவன் செக்மென்ட். சிப்பின் டைமர் 0, மோட் 1 (16 பிட்). டைமரின் மேல் பைட்டான டிஎச்0-வில் ஹெக்ஸ் 4சி, கீழ் பைட்டான டிஎல்0-வில் 00. 50 மில்லிசெகண்டுக்கு ஒரு இன்டரப்ட் (ஓடும் வேலையை நிறுத்தும் குறுக்கீடு), 20 வந்தால் ஒரு நொடி. நேரமானதும் அதே இன்டரப்டுக்குள் 5 நொடி டிலே கொடுத்து மணி அடிக்கிறேன், நாளைக்கு மூன்று முறை. வேலை நாளில் 35 நொடி பின்தங்குகிறது. மணியை நிறுத்தி வைக்கும் ஞாயிறன்று 20 நொடி. மணி அடிக்கும்போது டிஸ்ப்ளேயில் ஒரே ஒரு எண் மட்டும் பளிச்சென்று எரிகிறது. கிரிஸ்டல் மாற்றியும் அப்படியேதான். எங்கே தப்பு?

— வாசகர், தண்டையார்பேட்டை

அன்புள்ள தம்பிக்கு,

ஞாயிறைத் தனியாகக் குறித்து வைத்தீர்கள் பாருங்கள், பாதி வேலை அங்கேயே முடிந்துவிட்டது. கிரிஸ்டல் மேல் பழியில்லை.

35-க்கும் 20-க்கும் இடையிலான 15 நொடி மணியில் போகிறது. டைமர் நிரம்பியதும் எழும் டிஎஃப்0 ஃப்ளாக் ஒரே ஒரு பிட். இன்டரப்ட் ஃபங்க்ஷனுக்குள் நீங்கள் 5 நொடி உட்கார்ந்திருக்கும்போது டைமர் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது, எழுபது தடவை நிரம்பி வழிகிறது. ஆனால் ஃப்ளாகுக்கு எண்ணத் தெரியாது. நிரம்பியதா இல்லையா, அது மட்டும்தான் தெரியும். வெளியே வந்ததும் ஒரே ஒரு இன்டரப்ட் கிடைக்கும், மற்றதெல்லாம் போச்சு. நாளைக்கு மூன்று முறை மணி, மூவைந்து பதினைந்து. நாலு எண்ணையும் மாற்றி மாற்றி எரியவிடும் மெயின் லூப்பும் அந்த நேரத்தில் நின்றுபோவதால் டிஸ்ப்ளே ஒரே எண்ணில் உறைகிறது.

மீதி 20 நொடி இதைவிட நுட்பமானது. 65535 தாண்டியதும் டைமர் நிற்பதில்லை, 0-விலிருந்து மேலே எண்ணிக்கொண்டு போகிறது. சிப் கையிலிருக்கும் இன்ஸ்ட்ரக்‌ஷனை முடித்து, 000பி முகவரிக்குத் தாவி, ரெஜிஸ்டர்களை ஸ்டாக்கில் வைத்த பிறகுதான் டைமரில் 4சி00-வைத் திரும்பப் போடும் உங்கள் ரீலோட் வரி வரும். அதற்குள் ஓடிய பத்துப் பதினோரு மெஷின் சைக்கிளை அந்த வரி அழித்துவிடுகிறது. ஒரு சைக்கிள், அதாவது கிரிஸ்டலின் 12 துடிப்பு, 1.085 மைக்ரோசெகண்ட். நாளைக்கு 17,28,000 இன்டரப்ட். பெருக்கிப் பாருங்கள், சுமார் 20 நொடி வரும். டிஎல்0-வில் 11 கூட்டிப் போட்டால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம். எந்த இன்ஸ்ட்ரக்‌ஷன் நடுவில் இன்டரப்ட் வந்தது என்பதைப் பொறுத்து அந்த 11 மாறும்.

ரீலோட் வேலையை ஹார்ட்வேரிடமே விடுங்கள். டைமரின் மோடைக் குறிக்கும் டிமோட் ரெஜிஸ்டர் = 02, அதாவது மோட் 2: 8 பிட் டைமர், நிரம்பியதும் டிஎச்0-வில் உள்ளதை டிஎல்0-வில் தானே போட்டுக்கொள்ளும். டிஎச்0, டிஎல்0 இரண்டிலும் 00. உங்கள் கிரிஸ்டலை 12-ஆல் வகுத்தால் நொடிக்கு 9,21,600 சைக்கிள். 256 எண்ணினால் ஒரு இன்டரப்ட், ஆக நொடிக்கு மிகச் சரியாக 3600. மீதியே இல்லை! இன்டரப்டுக்குள் நுழையத் தாமதம் அப்போதும் இருக்கும், ஆனால் ஒன்றோடொன்று சேராது.

இன்டரப்டுக்குள் எண்ணிக்கையை ஒன்று கூட்டுங்கள். 3600 ஆனால் அதை 0 ஆக்கி, 'நொடி' என்ற வேரியபிளை ஒன்று கூட்டுங்கள். அவ்வளவுதான், வேறு எதுவும் அங்கே கூடாது. அடுத்த இன்டரப்ட் 256 சைக்கிளில் வந்துவிடும். எண்ணிக்கை அன்சைன்ட் இன்ட் (இரண்டு பைட்) ஆக இருக்கட்டும். ஒரே பைட்டான கேர் வைத்தால் 255-க்கு மேல் போகாது, கடிகாரம் நகரவே நகராது. 'நொடி' வாலடைல் (இன்டரப்டில் மாறும் என்று கம்பைலருக்குச் சொல்லும் சொல்) அன்சைன்ட் கேர். ஒரே பைட் என்பதால் மெயின் லூப் அதைப் படிக்கும்போது பாதி பழையது, பாதி புதியது என்ற குழப்பம் வராது. இரண்டு பைட் வேரியபிள் எதையாவது வெளியே படிக்க நேர்ந்தால் எல்லா இன்டரப்டையும் அனுமதிக்கும் இஏ பிட்டை 0 ஆக்கிப் படித்துவிட்டு மீண்டும் 1 ஆக்குங்கள்.

மணிக்கு டிலே வேண்டாம். நேரமானதும் மணியை இயக்கும் ரிலேயை ஆன் செய்து, 'மிச்சம்' = 5 என்று வையுங்கள். மெயின் லூப் 'நொடி' மாறும்போதெல்லாம் அதை ஒன்று குறைக்கட்டும், 0 ஆனதும் ரிலே ஆஃப். டிஸ்ப்ளேயும் தடங்கலில்லாமல் ஓடும்.

சரிபார்க்க, இன்டரப்டின் முதல் வரியில் சிப்பின் பி1.0 பின்னை 0, 1 என்று மாற்றி மாற்றி விடுங்கள். மல்டிமீட்டரை ஹெர்ட்ஸில் வைத்தால் 1800 காட்ட வேண்டும். 1953 காட்டினால், கடையில் 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலைக் கொடுத்துவிட்டார்கள் என்று பொருள். 1800 சரியாக வந்த பிறகும் நாளைக்கு மூன்று நாலு நொடி வித்தியாசம் இருந்தால், அது கிரிஸ்டலின் சொந்தப் பிழை. ஆஸ்பெஸ்டாஸ் கூரைச் சூட்டில் அது கொஞ்சம் ஏறி இறங்கவும் செய்யும். பட்டறை மணிக்கு அது போதும். கரண்ட் போனாலும் நேரம் நிற்கக் கூடாது என்றால் மட்டும் பேட்டரியோடு டிஎஸ்3231 கடிகாரச் சிப்பைச் சேருங்கள்.