மூட்டு தேயுமா, வெறுங்காலில் ஓடலாமா: ஓட்டக்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

ஐப்பசி பிறந்துவிட்டால் கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் ஏதாவது ஓர் ஊரில் ஞாயிறு காலையில் ஓட்டப்பந்தயம் இருக்கும். மாசி வரை இந்தப் பருவம் நீளும். அதனால் கேள்விகளும் குவிந்துவிட்டன. நான் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியன், மருத்துவன் அல்லன். என் வேலைக்கு உட்பட்டதை விரிவாகச் சொல்கிறேன். மற்றவற்றுக்கு யாரிடம் போக வேண்டும் என்று மட்டும் சொல்வேன். தொடங்கும் முன் ஒன்று: பந்தயத்தன்று காலையில் வலி மாத்திரை விழுங்கிவிட்டு ஓடாதீர்கள். இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பீளமேடு, வயது 38: அக்டோபரிலிருந்து ஜனவரி வரை நான்கு அரை மாரத்தான், பிப்ரவரியில் ஒரு முழு மாரத்தான் என்று பணம் கட்டிவிட்டேன். இப்போது வாரத்துக்கு 30 கிலோமீட்டர் ஓடுகிறேன். அட்டவணை ஒன்று போட்டுத் தாருங்கள் சார்.

அட்டவணை பிறகு. முதலில் அந்த ஐந்தில் எது உங்கள் பந்தயம் என்று முடிவு செய்யுங்கள். ஐந்திலும் உயிரைக் கொடுத்து ஓடினால் ஐந்தாவதற்குக் கால் இருக்காது. 21.1 கிலோமீட்டரை முழு வேகத்தில் ஓடிய உடம்பு தேற இரண்டு வாரமாவது பிடிக்கும். மூச்சு இரண்டு நாளில் சரியாகிவிடுவதால் உடம்பும் சரியாகிவிட்டது என்று நம்பிவிடுகிறோம். தசைநாரும் எலும்பும் மெதுவாகத்தான் தேறும்.

முழு மாரத்தான்தான் குறி என்றால் நான்கு அரை மாரத்தான்களில் ஒன்றை மட்டும், டிசம்பரில் வருவதை, வேகமாக ஓடுங்கள். மற்ற மூன்றையும் கிலோமீட்டருக்கு ஒரு நிமிடம் மெதுவாக, நீள ஓட்டப் பயிற்சியாக ஓடி முடியுங்கள். பதக்கம் எப்படி ஓடினாலும் அதே பதக்கம்தான். வாரக் கணக்கை 30இலிருந்து சிறிது சிறிதாக 50 வரை உயர்த்துங்கள். மூன்று வாரம் ஏற்றினால் நான்காவது வாரம் இறக்க வேண்டும். கடைசி நீள ஓட்டம், 30 அல்லது 32 கிலோமீட்டர், பந்தயத்துக்கு மூன்று வாரம் முன்பே முடிந்திருக்க வேண்டும். அதன் பிறகு தூரத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். அந்த மூன்று வாரத்தில் கால் துறுதுறுக்கும். அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. ரேஸ்கோர்ஸ் சுற்றுப்பாதையில் விடியற்காலையில் நின்று பாருங்கள். பத்தில் எட்டுப் பேர் பக்கத்தில் ஓடுகிறவரோடு ஒரு வாக்கியம் பேச முடியாத வேகத்தில்தான் போய்க்கொண்டிருப்பார்கள். வாரத்தின் பெரும்பாலான ஓட்டம் பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில் இருக்க வேண்டும். பேச்சு திணறினால் வேகம் அதிகம். இதற்குக் கைக்கடிகாரம் தேவையில்லை.

பல்லடம், வயது 45: ஓடினால் மூட்டு தேய்ந்துவிடும் என்று வீட்டில் பயமுறுத்துகிறார்கள். உண்மையா?

2017இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்மானம் பொழுதுபோக்காக ஓடுகிறவர்களில் 3.5 சதவீதம் பேருக்கு இருந்தது. ஓடாமல் உட்கார்ந்தே இருப்பவர்களில் 10.2 சதவீதம். தொழில்முறைப் போட்டியாளர்களில் 13.3 சதவீதம். நீங்களும் நானும் முதல் வகை. வீட்டில் இதைப் படித்துக் காட்டுங்கள். முன்பே மூட்டில் அடிபட்டவர், எடை மிக அதிகமானவர் மட்டும் எலும்பு மருத்துவரைப் பார்த்துவிட்டுத் தொடங்கட்டும்.

திருப்பூர், வயது 29, பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை: ஆறு மாதமாக ஓடுகிறேன். முன்பு ஐந்து கிலோமீட்டர் எளிதாக இருந்தது. இப்போது இரண்டிலேயே மூச்சு வாங்குகிறது, மாடிப்படி ஏறினாலும் படபடப்பு. இன்னும் கடுமையாகப் பயிற்சி செய்ய வேண்டுமா?

வேண்டாம் அம்மணி. பயிற்சியை நிறுத்திவிட்டு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஹீமோகுளோபின் மட்டும் போதாது, இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் உடம்பின் இரும்புச் சேமிப்பு காலியாக இருப்பது ஓடும் பெண்களிடம் அடிக்கடி காண்பது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அப்படி இருக்க, மூச்சு வாங்கினால் நம் பெண்கள் முதலில் தங்கள் சோம்பலைத்தான் சந்தேகிக்கிறார்கள். எனக்கு ஆத்திரம் வருகிற இடம் இது.

மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகமென்றால் கூச்சப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். முருங்கைக்கீரை நல்லதுதான், ஆனால் சேமிப்பு தீர்ந்த பிறகு கீரை மட்டும் ஈடுகட்டாது, மாத்திரை தேவைப்படலாம். மாத்திரையோ சாப்பாடோ, கூடவே டீ குடிக்காதீர்கள். இரும்பு உடம்பில் சேர்வதை டீ தடுக்கும், எலுமிச்சையும் நெல்லிக்காயும் சேர்க்கும். ஷிப்ட் இடைவேளையில் டீ தவிர்க்க முடியாது என்று தெரியும். சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவில் ஒரு மணி நேரம் விடுங்கள்.

உடுமலை: ஆடி மாதத்தில் எதிர்காற்றில் ஓடினால் நேரம் மோசமாகிறது.

பாலக்காட்டுக் கணவாய் வழியே வருகிற காற்றில் காற்றாலையே சுழல்கிறது, நீங்கள் எம்மாத்திரம்? போகும்போது மேற்கே எதிர்காற்றில் ஓடுங்கள், வியர்த்துக் களைத்துத் திரும்பும்போது முதுகில் காற்று இருக்கும். அந்த மாதங்களில் நேரத்தைப் பார்க்காதீர்கள்.

பெருந்துறை: எங்கள் தாத்தா வெறுங்காலில் ஏர் ஓட்டினார், தைப்பூசத்துக்கு வெறுங்காலிலேயே பழனிக்கு நடந்தார். மூட்டு வலி என்றால் என்னவென்றே அவருக்குத் தெரியாது. ஷூ என்பது கம்பெனிகள் செய்த சதி. தூக்கி எறியச் சொல்லுங்கள்.

தாத்தாவுக்கு என் வணக்கம். ஆனால் அவர் நடந்தார், ஓடவில்லை. நடக்கும்போது தரை நம் எடையைவிடச் சற்றே கூடுதலாகத் திருப்பி அடிக்கும். ஓடும்போது இரண்டு இரண்டரை மடங்கு. அவர் பாதம் குழந்தைப் பருவம் முதல் மண்ணில் பழகியது. உங்கள் பாதம் நாற்பது வருடமாகச் செருப்புக்குள் இருக்கிறது.

வெறுங்கால் வீரர்களை நான் மறுக்கவில்லை. 1960 ரோம் ஒலிம்பிக்கில் எத்தியோப்பியாவின் அபேபே பிக்கிலா வெறுங்காலில் மாரத்தான் வென்றார். நம் சிவ்நாத் சிங் வெறுங்காலில் ஓடிப் பழகியவர். 1976 மாண்ட்ரியலில் 11ஆம் இடம், 1978இல் ஜலந்தரில் 2 மணி 12 நிமிடம். அந்தத் தேசிய சாதனை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அசையாமல் நின்றது. ஆனால் அதே பிக்கிலா 1964 டோக்கியோவில் ஷூ போட்டு ஓடி, ரோமைவிட மூன்று நிமிடம் குறைவாக எடுத்து மறுபடி தங்கம் வாங்கினார். அதையும் சொல்லுங்கள்.

அவிநாசி: பெருந்துறைக்காரர் பழங்காலத்தில் இருக்கிறார். கார்பன் தகடு வைத்த ஷூ இல்லாமல் இன்று யாரும் வேகமாக ஓட முடியாது. இருபதாயிரம் ரூபாய் கொடுத்தாலும் தகும்.

கிலோமீட்டரை ஏழு நிமிடத்தில் ஓடுகிறவருக்கு அந்தத் தகடு கொடுப்பதைவிட வாரத்துக்கு ஒரு நாள் கூடுதல் தூக்கம் அதிகம் கொடுக்கும். பணம் உங்களுடையது.

பெருந்துறை, மறுபடி: பிக்கிலா ஷூ கம்பெனியின் வற்புறுத்தலால் போட்டிருப்பார். வெறுங்காலில் குதிகால் அடிபடாது என்று விஞ்ஞானமே சொல்கிறது.

'இருப்பார்' என்று நீங்களாக எழுதிக்கொண்ட வரலாற்றுக்கு என்னிடம் பதில் இல்லை. விஞ்ஞானத்துக்கு உண்டு. வெறுங்காலில் ஓடிப் பழகியவர்கள் பெரும்பாலும் முன்பாதத்தில் இறங்குகிறார்கள், குதிகாலில் விழும் திடீர் அதிர்ச்சி குறைகிறது என்று 2010இல் நேச்சர் இதழில் வந்தது. சரி. ஆனால் குதிகாலில் குறைந்த சுமை காணாமல் போகாது. கெண்டைக்காலுக்கும் குதிகால் தசைநாருக்கும் பாத எலும்புகளுக்கும் போய்ச் சேரும். ஒரே வாரத்தில் மாறினவர்கள் பாத எலும்பில் விரிசலோடு என்னிடம் வந்திருக்கிறார்கள்.

கோபிசெட்டிபாளையம், வயது 51: சண்டை வேண்டாம். நான் கீழ்பவானி வாய்க்கால் கரை மண்பாதையில் வாரம் இரண்டு நாள், பத்துப் பத்து நிமிடம் வெறுங்காலில் ஓடுகிறேன். மற்ற நாள் ஷூ. ஒரு வருடமாக ஒரு தொந்தரவும் இல்லை.

இவ்வளவு நேரம் நான் சொல்ல வந்ததை நான்கு வரியில் முடித்துவிட்டீர்கள் அக்கா. பெருந்துறைக்காரர் இதைப் படிக்கட்டும், அவிநாசிக்காரரும்.

தாராபுரம், வயது 52: சர்க்கரைக்கு மெட்பார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறேன். விடியற்காலை வெறும் வயிற்றில் பத்து கிலோமீட்டர் ஓடலாமா? வெறுங்கால் எனக்கு ஒத்துவருமா?

வெறுங்கால் கூடவே கூடாது. பாதத்தில் உணர்ச்சி மங்கியிருந்தால் முள் குத்தியது தெரியாமல் புண்ணாகிவிடும். கிளிமிபிரைடு சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கக்கூடிய மருந்து. வெறும் வயிற்றில் நீண்ட தூரம் ஓடாதீர்கள். கிளம்பும் முன் அளந்து பாருங்கள், 100க்குக் கீழே இருந்தால் ஒரு வாழைப்பழமாவது சாப்பிடுங்கள். சட்டைப்பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். கை நடுங்கி, வியர்த்து, கண் இருட்டினால் உடனே நின்று அதை வாயில் போடுங்கள். மாத்திரையின் அளவை நீங்களாக மாற்றாதீர்கள், அது உங்கள் மருத்துவர் வேலை.

காங்கேயம்: ஓடினால் மூட்டு தேயுமா?

பல்லடம்.

பொள்ளாச்சி: ஓட்டத்துக்கு இளநீர் மட்டும் போதும்தானே? எங்கள் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை.

ஒரு மணி நேர ஓட்டத்துக்குத் தாராளமாகப் போதும். இளநீரில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. வியர்வையில் போவது பெரும்பாலும் சோடியம். ஆகவே இரண்டு மூன்று மணி நேரம் ஓடுகிறவர் உப்புப் போட்ட மோரோ உப்புக்கரைசலோ சேர்த்துக்கொள்ள வேண்டும். அதற்காகத் தண்ணீரைக் குடம் குடமாகக் குடிக்கவும் கூடாது. 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடிய 488 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்ததில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் இயல்பான அளவைவிடக் குறைந்திருந்தது. அளவுக்கு மீறிக் குடித்ததுதான் முக்கியக் காரணம். தாகம் எடுத்தால் குடியுங்கள். இதிலும் வலி மாத்திரை சேர்ந்தால் சிறுநீரகத்துக்குக் கேடு. சொன்னேன் அல்லவா, திரும்பச் சொல்வேன் என்று.

சோமனூர்: ஸ்பின்னிங் மில் வேலை. ஞாயிறு விடுமுறை முடிந்து திங்கட்கிழமை வேலைக்குப் போனால் நெஞ்சு இறுகுகிறது, மாலை ஓட்டத்தில் மூச்சு முட்டுகிறது. வாரக் கடைசியில் பரவாயில்லை.

இது பயிற்சி விஷயமே அல்ல. பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோயின் தொடக்கம் இப்படித்தான் திங்கட்கிழமை இறுக்கமாக வரும். நுரையீரல் மருத்துவரைப் பார்த்து, பஞ்சாலை வேலை என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

சூலூர், வயது 24: முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி. இன்னும் மூன்று வாரத்தில் அரை மாரத்தான். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடிவிடலாமா?

தம்பி, மேலே இருக்கும் எதையும் படிக்கவில்லையா? உட்கார்ந்து, முன்னெலும்பின் உள்பக்க விளிம்பில் கட்டைவிரலை வைத்து முழங்காலிலிருந்து கணுக்கால் வரை மெதுவாக அழுத்திக்கொண்டே வா. ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்தால் எலும்பின் மேலுறையில் அழற்சியாக இருக்கலாம். தூரத்தைப் பாதியாகக் குறைத்து, தார்ச்சாலையை விட்டு மண்ணுக்கு மாறு. ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரே புள்ளியில் சுள்ளென்று வலித்து, இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தால் எலும்பில் விரிசலைச் சந்தேகிக்க வேண்டும். ஓட்டத்தை இன்றே நிறுத்து, எலும்பு மருத்துவரைப் பார். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம், எக்ஸ்ரே சுத்தம் என்றதும் ஓடக் கிளம்பிவிடாதே. மாத்திரை வலியைத்தான் மறைக்கும், விரிசலை மூடாது.

அன்னூர்: கொள்ளு ரசம் குடித்தால் ஓடாமலே எடை குறையுமா?

குறையாது. கொள்ளு நல்ல புரதம், இரவில் சாப்பிடுங்கள். ஓடப்போகும் காலையில் சாப்பிட்டால் வயிறு பதில் சொல்லும்.

மேட்டுப்பாளையம்: தெருநாய் துரத்துகிறது.

ஓடாதீர்கள். நின்று, அதன் கண்ணைப் பார்க்காமல் மெதுவாக விலகுங்கள். கடித்துவிட்டால் காயத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு மறுநாள் போகலாம் என்ற பேச்சே வேண்டாம்.

பெருந்துறை: கடைசியாக ஒன்று. சென்னிமலைப் படிகளில் வெறுங்காலில் ஓடிப் பயிற்சி எடுக்கலாமா?

1320 படி. ஏறலாம், கோயில் படி என்பதால் வெறுங்கால்தான் வழக்கம். ஓடி ஏறாமல் நடந்து ஏறினாலே தொடைக்குப் போதுமான வேலை. இறங்கும்போது ஓடாதீர்கள், முழங்காலுக்கு அடி அங்கேதான் விழும். சித்திரை, வைகாசியில் வெயில் ஏறும் முன் போய்விடுங்கள், கல் கொதிக்கும். அவிநாசிக்காரரையும் அழைத்துப் போங்கள், அவருக்கு இருபதாயிரம் ரூபாய் மிச்சமாகும்.